கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில் இருந்த நிறம்

19 அக்டோபர் 1994, புதன்

காலையில் மூடாக்கு. பத்து மணிக்கு மேல் வெயில்.

நான், கா. ரெங்கசாமி, வயது ஐம்பது, காரமடை. விமான என்ஜின்களைப் பிரித்துச் சீர்செய்யும் பட்டறையில் தலைமை ஆய்வாளர். இந்த நோட்டில் எழுதத் தொடங்குவதன் நோக்கம் ஒன்றே: என் மேசை மேல் இருக்கும் நான்கு சிலிண்டர்கள் எந்த முறையில் செய்யப்பட்டவை என்று கண்டறிவது, கண்டறிந்த வழியை, பிற்பாடு நானே என்னை ஏமாற்றிக்கொள்ள இடமில்லாதபடி, அன்றன்றே எழுதிவைப்பது. அலுவலகப் படிவத்தில் முடிவை மட்டுமே எழுத முடியும். சந்தேகத்தை எழுத அதில் கட்டம் இல்லை.

கொடுமுடியில் மைத்துனருக்கு உடல்நிலை சரியில்லாததால் எடுத்த ஒரு வார விடுப்பு முடிந்து இன்று பணிக்கு. பட்டறை முழுக்கப் பளபளப்பு. ஆயுத பூஜை முடிந்த கோவை எப்போதுமே அப்படித்தான். லேத்துக்குச் சந்தனம், கிரைண்டருக்குக் குங்குமம், கேட்டில் வாடிய வாழைக்கன்று.

என் மேசை மேல் நான்கு சிலிண்டர்கள். நான்கும் புத்தம்புதுக் கறுப்பு. நான் விட்டுப்போனபோது அப்படி இல்லை.

தெளிவுக்காக:
— பயிற்சி விமானம் இரண்டு. என்ஜினுக்கு நான்கு சிலிண்டர். ஆக எட்டு.
— முதல் செட்: நைட்ரைடு. சிலிண்டரின் உருக்குப் பீப்பாயை அம்மோனியா வாயுவில் காய்ச்சி, உட்பரப்பையே கடினமாக்கியது. அடையாளம்: காற்றில் சூடு ஆற வெளியே இருக்கும் செதிலின் விளிம்பில் நீலக் கோடு.
— இரண்டாம் செட்: உட்சுவரில் குரோம் பூச்சு. அடையாளம்: ஆரஞ்சுக் கோடு.
— நீலத்துக்குக் குரோம் பூசிய பிஸ்டன் ரிங் பொருந்தும். ஆரஞ்சுக்கு அது கூடவே கூடாது. சாதா வார்ப்பிரும்பு ரிங் மட்டும். குரோமும் குரோமும் உரசினால் ஒன்றை ஒன்று பிறாண்டும். எண்ணெய் மேலேறும். கடைசியில் பிஸ்டன் இறுகும். தரையில் நடந்தால் பழுது. வானத்தில் நடந்தால் பழுது என்று சொல்ல மாட்டார்கள்.

பீப்பாயில் அடித்திருக்கும் எண் எட்டுக்கும் ஒன்றே. அது அளவைச் சொல்லும். பிறகு உள்ளே குரோம் பூசினார்களா என்பதைச் சொல்லாது. அதனால்தான் ஒவ்வொன்றிலும் கம்பியில் அட்டை கட்டிவிட்டுப் போனேன். அட்டைகளைக் காணோம்.

முதலாளி பழனிசாமி என் மேசைக்கே வந்தார். கிணற்று மோட்டார் செய்து முன்னுக்கு வந்து, இந்தப் பட்டறையைப் பிடிவாதமாக எழுப்பியவர்.

"விஜயதசமி அன்னிக்கே ஒண்ணாம் எஞ்சினைப் பூட்டி அனுப்பியாச்சுங்க சார். நல்ல நாளைத் தள்ளிப்போட வேண்டாம்னு. மோகன் கையெழுத்துப் போட்டுட்டான். தெனமும் பறந்துட்டு இருக்குது."

மோகன் எனக்கு அடுத்த ஆய்வாளன். உரிமம் உண்டு. தவறில்லை.

"எந்த செட்டைப் பூட்டுனீங்க?"

"நீலக் கோட்டு செட்டுங்க. குரோம் ரிங்கு போட்டு."

"நீலம் எங்கீங்க தெரியுது? அத்தனையும் கறுப்பா இருக்குதே."

சிரித்தார். "வலது பக்கம் வெச்சதெல்லாம் நீலமுங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

அப்படியானால் என் மேசையில் இருப்பவை நான்கும் ஆரஞ்சாக இருக்க வேண்டும். நான்கும்.

20, வியாழன்

இரவெல்லாம் மழை. ரயில் தாமதம். பெரியநாயக்கன்பாளையத்தில் காரணமின்றி நின்றது.

முதல் வேலை, பெயின்டர் ஆறுச்சாமியைக் கண்டுபிடித்தது. பூஜைக்காக எட்டையும் அடித்தவர் அவரே. பின்கட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தின்னர் போட்டு அழுத்தித் தொடச்சுப்போட்டுத்தானுங்க அடிச்சேன். சாமிக்கு முன்னால வெக்கறது, அழுக்கா வெக்க முடியுங்களா?"

"கோடு இருந்துச்சே, பாக்கலீங்களா?"

"பாக்காம என்னுங்க. நீலம் கொஞ்சம், ஆரஞ்சு கொஞ்சம். ஏதோ கட்சிக்காரனுக வேலையாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

"அட்டை?"

"கம்பி கையைக் கிழிச்சுதுங்க. கழட்டி அங்கியே வெச்சேன். கூட்டறவங்க கூட்டியிருப்பாங்க."

"அடிச்சு முடிச்சு எப்படி அடுக்குனீங்க?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை. "சாமி படத்துக்கு இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. காய்ஞ்சது காய்ஞ்சபடி கொண்டுபோய் ஜோடி ஜோடியா வெச்சேனுங்க. நடுவுல பூசணிக்காய். முதலாளியே போட்டோ புடிச்சாருங்க."

காய்ந்தது காய்ந்தபடி. பூஜைக்கு முன் வலம் எது, பூஜைக்குப் பின் வலம் எது? முதலாளி நம்பிப் பூட்டியது இந்த வலத்தை.

கையேட்டைப் பிரித்தேன். "நிற அடையாளத்தைக் காண்க" என்கிறது. நிறம் இல்லாவிட்டால் தயாரித்தவருக்குத் திருப்பி அனுப்புக என்கிறது. கடல் தாண்டிப் போய் வர மாதங்கள் ஆகும். முதல் விமானம் நாளும் பறக்கிறது.

லென்சில் உட்சுவரைப் பார்த்தேன். இரண்டு சற்று வெண்மை. இரண்டு சற்றுச் சாம்பல். மோகனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வெளிச்சத்துக்குத் தக்கன மாறுதுங்க சார். அந்த ஜன்னல்கிட்டக் கொண்டுபோனா எல்லாமே வெள்ளைதான்."

நியாயம். கண் பார்த்ததைச் சான்றாக எழுத முடியாது.

வழி ஒன்று தெரியும். கல்லூரியில் உலோகவியல் ஆசிரியர் செய்து காட்டியது. மயில்துத்தக் கரைசல் ஒரு சொட்டு. உருக்கின் மீது விழுந்தால் செம்பு படிந்து சிவக்கும். குரோம் மீது விழுந்தால் ஒன்றும் ஆகாது. நைட்ரைடும் அடிப்படையில் உருக்குத்தான்.

மயில்துத்தம் காலையிலேயே காரமடை உரக்கடையில் வாங்கிப் பையில் வைத்திருந்தேன். கடைக்காரருடன் நடந்தது:

"பாக்குத் தோப்புக்குங்களா? சுண்ணாம்பும் வேணுமுங்களே."

"இல்லீங்க. சிலிண்டருக்கு."

"கேஸ் சிலிண்டருக்கா!"

விளக்கவில்லை. ரயில் வந்துவிட்டது.

பிற்பகல் நான்கையும் மண்ணெண்ணெயில் துடைத்து, ரிங் எட்டாத கீழ் விளிம்பில் ஒரு சொட்டு வைத்தேன். காத்திருந்தேன். நான்கிலும் நீலச் சொட்டு நீலமாகவே. சிவப்பு இல்லை.

நான்கும் குரோம். முதலாளி சொன்னது சரி. மனம் லேசானது. உடனே நீரில் கழுவித் துடைத்து எண்ணெய் பூசினேன். திரும்பும்போது மனைவி சரோஜாவுக்குப் பிடித்த நிலக்கடலை. ஏன் என்று கேட்டாள். சும்மா என்றேன்.

21, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம்.

முகம் மழிக்கும்போது உறைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதா உருக்குத் துண்டில் சொட்டு வைத்தேனா? இல்லை. ஒப்பீடு இல்லாத சோதனையை அடுத்தவன் செய்திருந்தால் அவன் அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பட்டறை சென்றதும் ஒரு பழைய உருக்குப் போல்ட்டை எண்ணெயில் முக்கி, மண்ணெண்ணெயில் துடைத்து, சொட்டு வைத்தேன். சிவக்கவில்லை. உருக்கு. சிவந்தே தீர வேண்டிய உருக்கு.

மண்ணெண்ணெய் விட்டுச்செல்லும் படலம், சொட்டை உலோகத்தைத் தொட விடவில்லை. அதே போல்ட்டைச் சோப்பில் தேய்த்து, வெந்நீரில் அலசி, ஸ்பிரிட்டில் துடைத்து வைத்தேன். கண் இமைப்பதற்குள் செம்பு.

நேற்றைய சோதனை செல்லாது. நேற்றைய நிம்மதியும்.

குரோமுக்கும் ஒப்பீடு வேண்டும். முதலாளி அறையில் பேனா, ஸ்கேல் போட்டு வைக்க ஒரு கழித்த சிலிண்டர் உண்டு. அதில் ஆரஞ்சுக் கோடு இன்னும் அழியாமல் இருக்கிறது. அவர் வங்கிக்குப் போன நேரம் எடுத்து வந்தேன். கழுவி, சொட்டு. நீலச் சொட்டு நீலமாகவே நின்றது. சரி.

பிறகு மேசை மேல் இருந்த நான்கு. சோப்பு, வெந்நீர், ஸ்பிரிட்.

ஒன்று: மாற்றம் இல்லை.
இரண்டு: மாற்றம் இல்லை.
மூன்று: சற்றுத் தயங்கி, சிவப்பு.
நான்கு: சிவப்பு.

மீண்டும் வேறு இடத்தில். அதே விடை. நேற்று லென்சில் சாம்பலாகத் தெரிந்தவை அவையே.

இங்கே இரண்டு நைட்ரைடு, அதாவது நீலக் கோடு. ஆகவே அங்கே இரண்டு ஆரஞ்சு. குரோம் சுவர், அதற்குள் குரோம் ரிங், மேலே ஒரு பயிற்சி மாணவர்.

தண்ணீர் குடித்தேன்.

முதலாளி வந்ததும் நான்கையும் தள்ளுவண்டியில் வைத்து அவர் அறைக்கு. மோகனும் உடன். அவர்கள் கண்ணெதிரே திரும்பவும் செய்தேன். இரண்டு சிவந்தன.

முதலாளி பார்த்தார். பிறகு, "ஏனுங் சார், மயில்துத்தம் பாக்குத் தோப்புக்கு அடிக்கறதுங்க. அதைக் கொண்டாந்து ஏரோப்ளேனுக்கு வைத்தியம் பாக்கறீங்களே."

மோகன் சிரிப்பை அடக்கினான். நான் சிரிக்கவில்லை.

"இந்த டெஸ்ட்டு மேனுவல்ல எந்தப் பக்கத்துல இருக்குதுங்க?"

"இல்லீங்க."

"இல்லீல்ல? இத்தனை வருசமா இங்க என்ன சொல்லிட்டு வாரீங்க? புஸ்தகத்துல இல்லாதது கேட்டுக்குள்ளார வரப்படாதுன்னு. அதுக்காகவே பசங்களை எத்தனை தடவ வெளிய நிறுத்தியிருக்கீங்க?"

உண்மை.

"ஒரே ஒரு நாள் அந்த விமானத்தை நிறுத்துங்க. கழட்டிப் பாத்துரலாம்."

"கழட்டுனா எதுக்குக் கழட்டுனோம்னு எழுதோணும். சட்டம் பேசறவரு நீங்கதானுங்களே. அடுத்த வாரம் லைசென்சு புதுப்பிக்க ஆய்வுக்கு வாரானுக. பூஜைக்குப் பெயின்ட் அடிச்சு அடையாளத்தைத் தொலச்சுப்போட்டோம்னு நம்மளே எழுதி வெச்சா, கேட்டைப் பூட்டிட்டுப் போயிருவானுக. அப்பறம் நானும் நீங்களும் பழையபடி கெணத்து மோட்டாருக்குக் காயில் சுத்தலாம்."

"சுத்தலாமுங்க."

இதை நான் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எழுந்து நின்றார். குரல் தணிந்தது.

"என் பொண்ணே அதுலதானுங்க பறக்குது. நான் என் பொண்ணைக் கொல்லுவனா?"

கலைச்செல்வி. ஒரே மகள். விமானப் பயிற்சிப் பள்ளியில் படிக்கிறாள் என்பது தெரியும். அந்த விமானத்தில் என்பது இப்போதுதான்.

அவர் பொய் பேசவில்லை. வலது பக்கம் வைத்தது நீலம் என்று மெய்யாகவே நம்புகிறார். பொய் பேசுகிறவரை மடக்கிவிடலாம். இவரை என்ன செய்வது?

22, சனி

மேகம். மலைப்பக்கம் இருட்டு. மேட்டுப்பாளையத்தில் நல்ல மழையாம், ரயிலில் பேச்சு.

ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை. எதிர்த்தரப்பு வாதங்களை நானே அடுக்கிப் பார்த்தேன். நைட்ரைடில் செம்பு படியாமலும் போகலாமா? போகலாம், அப்போது அங்கே ஆரஞ்சு இன்னும் கூடும். குரோமில் படியுமா? பூச்சு உரிந்திருந்தால். லென்சில் தேடினேன், உரிவு இல்லை. எத்திசையில் திருப்பினாலும் கணக்கு அதே இடத்தில் நிற்கிறது.

பதினொன்றுக்குச் சற்று முன், ஸ்கூட்டியில் கலைச்செல்வி. பட்டறையே எட்டிப் பார்த்தது. சுடிதார், எண்ணெய்க் கறை படிந்த கான்வாஸ் ஷூ.

"சார், நாளைக்குத் தனியாச் சேலம் போய்ட்டு வாரேனுங்க! அத்தனை தூரம் தனியா, மொதத் தடவ. எட்டு மணிக்குக் கெளம்பறேன்."

முதலாளி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மோகன் எதையோ துடைப்பதுபோல் இருந்தான்.

"எஞ்சின் எப்படி இருக்குது அம்மணி?"

"சத்தமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. எண்ணெதான் ஏகமாக் குடிக்குது. எங்க பெரியப்பா கல்யாண ஊட்டுல மோர் குடிப்பாரே, அப்படி."

முதலாளி சிரித்தார். "புது ரிங்குன்னா மொதல்ல அப்படித்தான் கண்ணு. ஓட ஓடப் படிஞ்சுக்கும்."

புது ரிங் சுவரோடு படியும் வரை எண்ணெய் குடிக்கும் என்பது சரியே. ஆனால் நாளுக்கு நாள் குறைந்து வர வேண்டும்.

"கொறையுதா, ஏறுதா அம்மணி?"

யோசித்தாள். "ஏறுதுங்க. முந்தாநாளைவிட நேத்து ஜாஸ்தி." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண். "ஏனுங் சார்? போலாமுங்களா?"

"அவரு என்ன சொல்றதுக்கு இருக்குது? சர்டிபிகேட்டு போட்டாச்சு. வா கண்ணு, அம்மா சாப்பாட்டுக்குக் காத்துட்டு இருப்பா." தோளில் கைவைத்துக் கூட்டிப் போய்விட்டார்.

அவள் கேட்டது என்னை. பதில் சொன்னது அவர். நான் கையில் லென்சோடு நின்றேன். நாலு எட்டு வைத்திருந்தால் ஸ்கூட்டியைப் பிடித்திருக்கலாம். வைக்கவில்லை. தகப்பன் முன்னால், தகப்பனை மீறி, சட்டத்தில் இல்லாத சோதனை ஒன்றைக் காட்டிப் பேசும் உரிமை எனக்கு உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்கும் நேரமா அது!

சாப்பாட்டு வேளையில் மோகன் வந்து எதிரில் உட்கார்ந்தான். டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

"எண்ணெ ஏறுதுன்னு சொல்லுச்சே சார்."

"ம்."

"பூட்டறப்போ எனக்கும் சந்தேகந்தானுங்க. முதலாளி பக்கத்துலயே நின்னாரு. நல்ல நேரம் போயிட்டு இருக்குதுன்னாரு."

அவனே தொடர்ந்தான்.

"பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணிப் பாத்தீங்களா?"

பார்த்துவிட்டேன். தலைமைப் பயிற்றுநர் சென்னையில். திங்கட்கிழமைதான் வருகிறார். எழுத்தர் சொன்னது: "பட்டறை குடுத்த சான்றிதழ் செல்லுபடி ஆகுது சார். பட்டறைல இருந்தே எழுத்துல வந்தா நிறுத்தலாம்." பட்டறையின் தலைப்புத் தாள் முதலாளி மேசையில்.

மோகன் குரலைத் தாழ்த்தினான். "விமானத்தோட டெக்னிகல் லாக் புஸ்தகத்துல உரிமம் உள்ளவங்க யாரு வேணும்னாலும் குறை எழுதலாமுங்களே சார். எழுதுனா, சரிபண்ணி இன்னொருத்தர் கையெழுத்துப் போடற வரைக்கும் பறக்க முடியாது."

"இன்னொருத்தர்னா நீதான்."

"அதைத்தானுங்க சொல்ல வாரேன். நான் போட மாட்டேன்."

டப்பாவைத் திறந்தான். புளிச்சாதம். பாதியை என் மூடியில் வைத்தான்.

இருந்தும் முதலாளிக்கு ஒரு வாய்ப்புத் தர விரும்பினேன். தகப்பனே மகளை நிறுத்தினால் அதைவிட நல்லது இல்லை. மூன்று மணிக்கு அவர் அறையில் நின்றபடியே சொன்னேன்: இன்று மாலைக்குள் நீங்களே சொல்லிவிடுங்கள், காரணம் வேண்டாம், நாளை வேண்டாம் என்று மட்டும். அவர் தலையை ஆட்டினார். ஆட்டியதன் பொருள் விளங்கவில்லை.

மாலை, காரமடைத் தேர்முட்டி அருகே எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவர் வீட்டுக்கு. எடுத்தது கலைச்செல்வி.

"அப்பா ஏதாச்சும் சொன்னாருங்களா அம்மணி? நாளைக்குப் போறது பத்தி?"

"சொன்னாருங்களே! காலைல கோயிலுக்குப் போய்ட்டு அவரே கொண்டுவந்து விடறேன்னாரு. ஏனுங் சார்?"

"அம்மணி, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"இருங்க, அப்பாவே வாராரு."

போன் கை மாறியது. முதலாளி: "ஏனுங் சார், நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஊட்டுல இருந்து ரெஸ்ட் எடுங்க." வைத்துவிட்டார்.

பூத்துக்காரர் மீட்டரைப் பார்த்து, "பேசி முடிச்சாச்சுங்களா?" என்றார். இல்லை என்றேன். மறுபடி சுழற்றினேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

23, ஞாயிறு

விடிந்துவிட்டது. லேசான தூறல், மேற்கே தெளிவு. பறக்கத் தடை இல்லாத வானிலை. அதுவும் எனக்கு எதிராகவே.

சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டாள். வேலை போகும் என்றேன். லைசென்சு புதுப்பிக்காவிட்டால் பட்டறையே மூடப்படலாம், ஆறுச்சாமி, மோகன் எல்லோருக்கும் என்றேன். புத்தகத்தில் இல்லாத சோதனை, மேலிடத்தில் கேட்டால் என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை என்றேன்.

"அந்தச் சொட்டு செவந்துச்சா இல்லீங்களா?"

"செவந்துச்சு."

"அப்பறம் ஏனுங்க உக்காந்து எழுதிட்டு இருக்கறீங்க? அது நம்மூட்டுப் புள்ளையா இருந்தா இந்நேரம் பஸ்ஸுல இருப்பீங்க."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் சட்டையை இஸ்திரி போட எடுத்துப் போய்விட்டாள்.

அவள் சொன்னது முழுக்கச் சரியில்லை. எழுதாமல் போனால் அங்கே தடுமாறுவேன். முதலாளி சத்தம் போடுவார், நான் விதிகளைத் தேடுவேன், அதற்குள் என்ஜின் ஓட ஆரம்பித்திருக்கும். ஆகவே சொல்ல வேண்டியதை இங்கேயே தீர்மானித்துவிட்டுக் கிளம்புகிறேன். பையில் மயில்துத்தப் புட்டி, சோப்பு, ஸ்பிரிட், உரிமப் புத்தகம். சிவந்த இரண்டில் ஒன்றையும் எடுத்துக்கொள்வதானால் வழியில் பட்டறையில் இறங்க வேண்டும், நேரம் இல்லை. வேண்டாம்.

அடுத்த பஸ்ஸில் விமானதளத்துக்குப் போவேன். கலைச்செல்வியும் அவள் தகப்பனும் வருவதற்கு முன் விமானத்தின் டெக்னிகல் லாக்கைக் கேட்டு வாங்குவேன். எழுதவேண்டியது: "இந்த என்ஜினின் சிலிண்டர்களில் இரண்டு குரோம் பூசியவை என்று நம்பக் காரணம் உண்டு. பூட்டப்பட்டிருப்பவை குரோம் ரிங். எண்ணெய்ச் செலவு நாளுக்கு நாள் ஏறுகிறது. சிலிண்டர்களைக் கழற்றி, செய்யப்பட்ட முறையை உறுதிசெய்யும் வரை பறக்கத் தகுதியற்றது." கீழே என் கையொப்பம், உரிம எண், தேதி. பிறகு வாசலில் நின்று, அவள் வண்டியை விட்டு இறங்கியதும், அவள் தகப்பன் கேட்க, நேற்று அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வேன்: "போக வேண்டாம் அம்மணி." யார் வந்து என்ன சொன்னாலும் லாக்கில் எழுதியதை அடிக்க மாட்டேன்.